மஞ்சளுக்குப் பின்னால் சிவப்பு

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையிலேயே பொறியாளரோடு சண்டை. இந்த மாதத்தில் எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

மாநகராட்சியில் எங்கள் தெருப் பராமரிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்கருக்குத் தெருப்பலகை என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தேன். பெயர்தான் பலகை, கைப்பேசியில் திறக்கும் வரைபடம் அது. அவரவர் தெருவில் அவரவர் புள்ளி வைக்கலாம். மரம் வேண்டும், நடைபாதை அகலமாக வேண்டும் என்றால் பச்சை. உடைந்தது, பெயர்ந்தது என்றால் மஞ்சள். இங்கே பயமாக இருக்கிறது என்றால் சிவப்பு. கொத்தனார் போய்ச் சரிசெய்த பிறகுதான் மஞ்சள் மறையும். முகப்பில் மூன்று வரி இருக்கிறது, நான் எழுதியது: யாரும் குறிக்கலாம். எல்லாரும் பார்க்கலாம். குறித்ததை அலுவலகம் அழிக்காது.

அந்த மூன்றாவது வரியைக் கேட்டதுமே பொறியாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "ஏப்ரல் ஆரம்பத்துல மேலிடத்துலேருந்து வந்து பாப்பாங்க மேடம். ஊரே மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு. பழசையாவது அழிச்சு விடுவோம்."

முடியாது என்றேன். கல்லைச் சரிசெய்யுங்கள், தானாக மறையும் என்றேன். அழிக்கும் பொத்தான் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதற்கு இரண்டு கடவுச்சொல். ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். சேர்ந்தால்தான் திறக்கும். மல்லுக்கு நின்று வாங்கிய ஏற்பாடு அது. என்னுடையது என் உயிரோடுதான் போகும் என்று சொல்லிவிட்டேன்.

"உயிரை நீங்களே வச்சுக்குங்க. சொல்லை மட்டும் குடுங்க" என்றார். கணக்கர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மஞ்சளில் பாதி என் தம்பி வைத்தது என்று தெரிந்தால் மனிதர் என்ன சொல்வாரோ. புள்ளிக்குப் பெயர் கிடையாது, அதனால் பிழைத்தேன். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன். விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு பேச்சு தாமதமாகத்தான் வருகிறது. சொல் கிடைக்கும்வரை எதிரே இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். சும்மா நட என்றால் நடப்பவனா? தெருப்பலகையைக் கையில் கொடுத்தேன். இப்போது மாலையானால் கைத்தடியோடு கிளம்பிவிடுகிறான். நடைபாதைக் கல் ஒவ்வொன்றையும் தட்டுவான், குனிந்து காது கொடுப்பான். அடியில் மண் அரித்துப்போன கல்லுக்குச் சத்தம் வேறாம். அந்தச் சத்தம் கேட்டால் மஞ்சள். வீட்டுக்கு வரும்போது முகம் தெளிவாக இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி வரும் பழைய முகம்.

பிப்ரவரி 14, வெள்ளி

சிவப்புப் புள்ளி பற்றிய பொதுக்கூட்டம். ஏன் பயம் என்று காரணம் எழுத ஒரு கட்டம் வைத்திருந்தோம். மருந்துக்கடை நடத்தும் பெண்மணி பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"எதுக்குப் பயம், யாரைப் பாத்துப் பயம்னு எழுதச் சொன்னீங்கன்னா ஒருத்தியும் குறிக்க மாட்டா. வீட்ல கேட்டாச்சு, ஸ்டேஷன்ல கேட்டாச்சு. நீங்களும் கேக்கணுமா?"

அவர் கண்முன்னாலேயே அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னேன். கைதட்டினார்கள். பயத்துக்குச் சாட்சி கேட்காத ஒரே அரசாங்க அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

சிவப்பு வரத் தொடங்கிவிட்டது. விளக்கு எரியாத சுரங்கப்பாதை, கிடங்குக்குப் பின்னால் உள்ள சந்து — எதிர்பார்த்த இடங்கள்தான். ஆனால் பள்ளிக்கூடத் தெருவில் எதற்கு? பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், ஆறு மணிக்குத் தையல்கடையில் ஆள் நிற்க இடமில்லை, அங்கே போய் நான்கைந்து சிவப்பு.

எங்கள் மென்பொருள்காரனைக் கூப்பிட்டேன். அவனுக்குக் கொசு என்று பெயர் வைத்திருக்கிறோம். காதருகே வந்து ரீங்காரமாகத்தான் பேசுவான். வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் ஒரே நேரத்துல விழல மேடம். சாயங்காலம் தெருமுனைல ஆரம்பிக்குது, அப்புறம் தையல்கடை, அப்புறம் மருந்துக்கடை." கொஞ்சம் நிறுத்தினான். "இது எடம் இல்ல மேடம். இது நடக்குது."

மயிர்க்கூச்செறிந்தது. கூடவே, பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. யாரோ ஒருவன் தினமும் அந்தத் தெருக்களில் சுற்றுகிறான். யார் கண்ணிலும் படாதவனை எங்கள் வரைபடம் பிடித்துவிட்டது!

பிப்ரவரி 21, வெள்ளி

அம்மாவிடம் சொல்லி வைத்தேன்: தெருவில் எவனோ சுற்றுகிறான், தம்பியைப் பார்த்து அனுப்பு.

பிப்ரவரி 26, புதன்

குடியிருப்போர் சங்கத்தில் பேசினேன். "யாரோ ஒருத்தன் சாயங்காலமானா இந்த வழியா வர்றான். ஆள் யாருன்னு தெரியல" என்று நானே வாய் திறந்து சொன்னேன். உடனே ஒரு காவல் குழு. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர்தான் தலைவர். வேலை கிடைத்துவிட்ட உற்சாகம் முகத்தில் தெரிந்தது.

"புள்ளி விழுந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? சும்மா அதையே பாத்துட்டு உக்கார முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிவப்பு விழுந்ததும் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எல்லாருடைய கைப்பேசியும், கூடவே என்னுடையதும், மணி அடிக்கும்படி செய்யலாம் என்றேன். கொசு இரண்டே நாளில் செய்து கொடுத்துவிடுவான். என் யோசனைதான்.

மார்ச் 4, செவ்வாய்

எழுத வரவில்லை. ஆனால் எங்கேயாவது கொட்டியாக வேண்டும்.

மதியம் கொசு வந்தான். வழக்கமாக ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகத்தான் பார்ப்போம். இன்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். "மேடம், ஒண்ணு காட்டணும்." பள்ளிக்கூடத் தெருவில் ஒரு மஞ்சள். அதே இடத்தில், கொஞ்ச நேரம் கழித்து, ஒரு சிவப்பு. தையல்கடை வாசலில் மஞ்சள். பின்னாலேயே சிவப்பு. தெரு முழுக்க, நாள் தவறாமல்.

"மஞ்சள் வைக்கிறவர் பின்னாடியே அந்த ஆளு போறான் போல. அவரை எச்சரிக்கணும் மேடம், பாவம்" என்றான். நல்ல மனசு அவனுக்கு.

பின்னாடி யாரும் போகலடா. யாரும் போகல. அவன்தான். அவன் நிக்கிறான், கல்லைத் தட்டுறான், யாராவது வந்தா அவங்க மூஞ்சியையே பாக்குறான், அவங்க உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு ஃபோனை எடுக்குறாங்க. நான் தேடின ஆளு என் வீட்லதான் இருக்கான். என் கையால சோறு போட்டுக்கிட்டு இருக்கேன்.

கொசுவிடம் சரி, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"அழிச்சுடு. நீ பண்ணினதுதானே?"

அப்படி அழிக்கக் கூடாதும்மா என்றேன். ஏன் கூடாது என்றாள். விளக்கினேன்: மேலிடத்துக்குப் பிடிக்காத புகாரெல்லாம் எப்படிக் காணாமல் போகும், அதைத் தடுக்கத்தான் அந்த வரி, பயம் என்று சொன்னவளிடம் நீ பயப்படவில்லை என்று நாம் சொல்லக் கூடாது. அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிதான். அவன் உன் தம்பி" என்றாள்.

நடப்பதை நிறுத்திவிடலாமா? மருத்துவரைக் கேட்டால் கூடவே கூடாது என்பார். பேச்சு கொஞ்சம் திரும்பியிருப்பதே இந்த நடையால்தான். நேற்று முன்தினம் ஒரு முழு வாக்கியம் தடுக்காமல் சொன்னான்.

மார்ச் 7, வெள்ளி

மருந்துக்கடைக்குப் போனேன். அம்மாவின் மாத்திரையை வாங்கிக்கொண்டு, கூட்டம் குறைந்ததும் மெல்லக் கேட்டேன்: சாயங்காலம் ஒருத்தர் வந்து வாசலில் கல்லைத் தட்டுவாரே?

அவர் முகம் மாறியது. "நீங்களும் பாத்துட்டீங்களா? கடைல நான் ஒத்தைல இருப்பேன். வந்து நின்னு மொறைச்சுப் பாப்பாரு. என்ன வேணும்னு கேட்டா பதிலே வராது. தடியால தரையத் தட்டுவாரு. தினமும் ஒரு சிவப்பு வச்சுடுறேன்."

"அவன் என் தம்பிங்க."

மாத்திரை உறையை மடித்து மடித்து நின்றார். நல்ல பெண்மணி. கண் கலங்கிவிட்டது அவருக்கு. விபத்தைப் பற்றிச் சொன்னேன், பேச்சு தாமதமாவதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு சொன்னார்:

"தெரியாமப் போச்சுங்க. ஆனா தெரிஞ்சாலும் அவர் வந்து நிக்கும்போது என் கை ஃபோனுக்குத்தான் போகும். அதுக்கு நான் என்ன பண்ண? காரணம் கேக்க மாட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று அவனோடு நானும் நடந்தேன். வேண்டாம், இன்றைக்கு வீட்டில் இரு என்று கேட்டுப் பார்த்தேன். "பள்ளிக்கூடம்... வாசல்... கல்லு" என்றான். சொல் கிடைக்காமல் தவித்து, கடைசியில், "கீழ ஒண்ணுமே இல்லக்கா" என்றான். சாக்கடைமேல் மூடிய கல் அது. பிள்ளைகள் வண்டிக்குக் காத்து நிற்கும் இடம். மஞ்சள் வைத்து எத்தனையோ நாளாகிறது, கொத்தனார் வரவில்லை. தினமும் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறான்.

தெருமுனையில் அவன் முதல் கல்லைத் தட்டினான். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் என் கைப்பேசி மணி அடித்தது. உங்கள் தெருவில் சிவப்பு. பக்கத்து வீட்டுக்குள்ளும் அதே மணி. அதற்கடுத்த வீட்டிலும். நாங்கள் நடக்க நடக்க மணியும் வீடு வீடாக எங்களோடு வந்தது. ஒரு குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தையல்கடையில் இயந்திரச் சத்தம் நின்றது. யாரும் வெளியே வரவில்லை. சன்னல்களில் மட்டும் ஆள் இருந்தது.

தம்பிக்கு எதுவும் தெரியவில்லை. மணிச்சத்தம் கேட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "ஃபோன்" என்று சிரித்தான்.

நான் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பேய்ப்படம் பார்த்தால்கூடச் சிரிக்கிறவள் நான்.

மார்ச் 13, வியாழன்

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். நீங்கள் தேடுகிற ஆள் என் தம்பி, யாரையும் தொட்டதில்லை, கல்லைத்தான் தட்டுகிறான், அதுவும் உங்களுக்காகத்தான். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஐயோ பாவம் என்றார்கள். எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

காசாளர் மட்டும், "தப்பா நினைக்காதீங்க மேடம், வீட்லயே வச்சுப் பாத்துக்கலாமே?" என்றார். பல தலைகள் ஆடின.

மணி அடிப்பதையாவது நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். பலகையில் எந்த மாற்றம் செய்தாலும் குடியிருப்போரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் — இதுவும் என் விதிதான். கைதூக்கச் சொன்னேன். நிறுத்தலாம் என்று தூக்கியவர்கள் நானும், இன்னும் இரண்டு பேரும். மருந்துக்கடைப் பெண்மணி எந்தப் பக்கமும் தூக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே. அது இதுதான்.

மார்ச் 14, வெள்ளி

சொன்னதால் குறையும் என்று நினைத்தேன். இன்று சிவப்பு கூடியிருக்கிறது. முன்பு எவனோ ஒருவன். இப்போது ஆள் யார் என்று தெரிந்துவிட்டதே.

மார்ச் 18, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒரே இடத்தில், பள்ளிக்கூட வாசலில், சிவப்பின் மேல் சிவப்பு. புள்ளிகள் ஒட்டி ஒட்டி ஒரு திட்டாகவே ஆகிவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினேன்.

காவல் குழு சுற்றி நின்றது. நடுவில் அந்தக் கல்லின்மேல் அவன் உட்கார்ந்திருந்தான், முழங்காலைக் கட்டிக்கொண்டு. தடி காசாளர் கையில். கால்சட்டை நனைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"யாரும் அடிக்கல மேடம்" என்றார் காசாளர். "சத்தியமா யாரும் கை வைக்கல. தடியத் தரமாட்டேன்னாரு, வாங்கி வச்சோம். அவ்வளவுதான். நாங்க சுத்தி நின்னோம், நீங்க வர்ற வரைக்கும்."

உண்மைதான். யாரும் அடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம்பி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஒரு சொல் வரவில்லை. எதையாவது சொல்லப் பார்க்கிறானா என்று அவன் வாயையே பார்த்தேன். அவன் முயலவே இல்லை.

அம்மா வாசலில் நின்றவள் எங்களைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மார்ச் 20, வியாழன்

பொறியாளர் அறைக்கு நானாகவே போனேன். கதவைச் சாத்தினேன். சிவப்பை அழிக்க வேண்டும், சிவப்பு வைக்கும் வசதியையே மூட வேண்டும், உங்கள் சொல் வேண்டும் என்றேன்.

ஜெயித்த முகம் காட்டுவார், குத்திக்காட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். "கேள்விப்பட்டேன் மேடம். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரா இருந்தாலும் இதைத்தான் செய்வாங்க" என்றார். தன் கணினியிலேயே தன் சொல்லை அடித்தார். பிறகு விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார்.

அடித்தேன்.

தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை. தம்பியைப் பார்த்து வைத்தது, சுரங்கப்பாதையில் வைத்தது, எல்லாம் ஒரே அழுத்தில் போயிற்று. முகப்பில் மூன்றாவது வரி இருந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. அதையும் நான்தான் எடுத்தேன். வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது.

"உங்க சொல்லையும் இதுலயே ஞாபகம் வச்சுக்கட்டுமான்னு கணினி கேக்குது" என்றார் பொறியாளர். நான் எழுந்துவிட்டிருந்தேன். என்னமோ செய்யுங்கள் என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

மருந்துக்கடைப் பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க தம்பி மேல வச்சதை எடுத்தீங்க, சரி. கிடங்குச் சந்துல நான் வச்சதும் போச்சே. அங்க ஒருத்தன் இருக்கான். அவன் உண்மையானவன்" என்றார்.

கொசுவிடம் கேட்கிறேன், திரும்பக் கொண்டுவர முடியுமா பார்க்கிறேன் என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. யார் அவன், என்ன செய்தான் என்று வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன். கேட்கக் கூடாது என்பதற்காக இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்று.

போகும்போது, "தம்பி நல்லா இருக்காரா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 2, புதன்

மேலிடத்து ஆய்வு முடிந்தது. பெரிய திரையில் தெருப்பலகையைப் போட்டார்கள். பச்சை மட்டும் அங்கங்கே. ஒரு மஞ்சள் இல்லை. பொறியாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. எந்த முகத்தோடு நான் கேட்பேன், நீ ஏன் அழித்தாய் என்று? வந்தவர் என் கையைக் குலுக்கி, மக்கள் பங்கேற்பு என்றால் இதுதான், மற்ற பகுதிகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்றார். நன்றி என்றேன். கொசு என்னைப் பார்த்தான், பிறகு மேசையைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தால் தம்பி சன்னலோரம் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு வந்தவன்தான், இன்னும் வாசற்படி தாண்டவில்லை. பேச்சும் இல்லை. இன்று என்னைக் கண்டதும் எழுந்து வந்து திரையை நீட்டினான். சொல்லைத் தேடினான். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான். நான் பார்வையை விலக்காமல் நின்றேன், அதையாவது செய்ய வேண்டும் இல்லையா.

"அக்கா... எல்லாம்... சரி பண்ணிட்டாங்களா?"

சரிசெய்தால்தான் மஞ்சள் மறையும். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"ஆமாடா" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக் கல்லுமா?"

"அதுவும்தான்."

சிரித்தான். இத்தனை நாளுக்குப் பிறகு. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் போக வேண்டாம்ல?" என்றான், ஒரு தடுக்கல் கூட இல்லாமல்.

வேண்டாம் என்றேன். கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, பசிக்கிறது என்று அம்மாவிடம் போனான்.